ஆண் நண்டா? பெண் நண்டா?

நண்டு என்றதும் நம் தோழியர் பலருக்கு அதன் கொடுக்கு நினைவுக்கு வரும். சிலருக்கு நாவில் நீர் ஊறும். ஆனால் அதனை மல்லாத்திப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஆணா பெண்ணா என்பது அடிப்புறத்தில்தான் தெரியும்.

எங்கள் ஊர் கூட்டேரிப்பட்டு. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில், மயிலத்துக்குச் சாலை பிரியும் இடம். பேருந்தில் போகிறவர்களுக்குக் கடைகள் மட்டுமே தெரியும். சற்று உள்ளே வந்தால் ஏரிப் பாசனக் கழனிகள். ஐப்பசி மழையில் ஏரி நிறைந்து மதகு திறந்துவிட்டால் வரப்பெங்கும் நண்டு வளைகள்தாம். அக்காள் தங்கையர் நாங்கள் மூவரும் அப்போது ஆயாவுடன் நண்டு பிடிக்கப் போவோம். வளையின் வாயில் ஈர மண் புதிதாகக் கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் கை விடக்கூடாது, உள்ளே பாம்பு இருந்தாலும் இருக்கும் என்பது ஆயாவின் கட்டளை. சளி, இருமல் என்றால் எங்கள் வீட்டில் முதல் மருந்து மிளகு தட்டிப் போட்ட நண்டு ரசம்தான்.

நம் முன்னோர் நண்டை உற்று நோக்கியவர்கள். அலவன், கள்வன், ஞெண்டு, நள்ளி என்று அதற்குப் பல பெயர்கள் இட்டார்கள். தொல்காப்பியம் அதனை நான்கறிவு உயிர்களில் வைத்தது. ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் ‘கள்வன் பத்து’ என்று பத்துப் பாடல்களே இருக்கின்றன.

இனி அடையாளத்திற்கு வருவோம். நண்டின் வால்பகுதி உடலுக்கு அடியில் மடிந்து, ஒரு மூடி போல ஒட்டிக் கிடக்கும். அந்த மூடி ஒடுங்கிய முக்கோணமாக இருந்தால் ஆண். அகன்று, அரைவட்டமாக மார்பை மறைத்தால் பெண். குஞ்சுப் பருவத்தில் பெண்ணுக்கும் மூடி ஒடுங்கியே இருப்பதால் சிறிய நண்டுகளில் கண்டுபிடிப்பது கடினம். ஓடு கழற்றிக் கழற்றி வளர்ந்து பருவம் அடையும்போதுதான் அது அகலும். ஆணின் மூடிக்குக் கீழே இனப்பெருக்கத்திற்கு உதவும் இரண்டு இணை உறுப்புகள் உண்டு. பெண்ணுக்கு நான்கு இணை மெல்லிய கால்கள் உண்டு. முட்டைகளை அவள் இக்கால்களில் ஒட்டி வைத்துச் சுமக்கிறாள்.

மரக்காணம் பக்கத்துக் கடல் நண்டு லட்சக்கணக்கில் முட்டை இடும். பொரிந்தவை நண்டின் உருவமே இல்லாமல் கடலில் மிதந்து திரியும்; பெரும்பாலானவை பிற உயிர்களுக்கு இரையாகும். வயல் நண்டின் முட்டைகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு, ஆனால் உருவில் பெரியவை. முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முடிந்து, சின்னஞ்சிறு நண்டுகளாகவே அவை வெளிவரும். பிறகும் சில நாள்கள் தாயின் மூடிக்குள் பத்திரமாக இருக்கும். ஆகவே முட்டையுள்ள ஒரு தாயைப் பிடித்தால் ஒரு குடும்பத்தையே பிடித்தது போலத்தான்!

நண்டின் உறவான கிரேஃபிஷ் இந்திய நீர்நிலைகளில் இயற்கையாக இல்லை. அவற்றிலும் ஆண் பெண்ணை அடிப்புறத்தில்தான் பார்ப்பார்கள். ஆணுக்கு வயிற்றின் முதல் இரண்டு இணைக் கால்கள் கெட்டியாக முன்னோக்கி மடிந்திருக்கும். 1990-களில் ஜெர்மனியின் மீன் தொட்டிகளில் தெரியவந்த பளிங்குக் கிரேஃபிஷ் இனத்திலோ ஆண்களே கிடையாது. எல்லாம் பெண்கள், துணையின்றியே முட்டையிட்டுப் பெருகுகின்றன. இதை வகுப்பில் சொன்னபோது எழுந்த கைதட்டலைச் சொல்லவும் வேண்டுமோ!

வீட்டில் மட்டும் கைதட்டல் கிடைக்கவில்லை. முட்டை நண்டுகளைப் பிடிப்பதில்லை என்று நாங்கள் முடிவு செய்தோம். அப்பாவுக்கோ நண்டு என்றால் பகை. எங்கள் கழனி கடைமடையில் இருக்கிறது. வரப்பில் ஒரு வளை விழுந்தால் இரவோடு இரவாகத் தண்ணீர் பக்கத்துக் கழனிக்கு இறங்கிவிடும். முறைத் தண்ணீர் மறுபடி வரும்வரை பயிர் காயும். சிலர் வளைக்குள் குருணை மருந்து போடுகிறார்கள். நண்டோடு தவளையும் சாகும். அவற்றைத் தின்னும் கொக்குக்கும் கேடு. அப்பா மருந்து வாங்கப் புறப்பட்டபோது ஆயா, “பிள்ளைங்க குடிக்கிற ரசத்துல அந்த மருந்து எறங்காதாடா?” என்று கேட்டார். அப்பா நின்றார். “சரி, மருந்து போடல. ஆனா வரப்பு ஒழுகினா நீங்கதான் மண்ணு வைக்கணும்” என்று எங்களிடம் சொல்லிவிட்டார்.

ஒப்புக்கொண்டோம். முட்டை சுமக்கும் நண்டுகளைத் தகர வாளியில் எடுத்துப்போய், கழனிக்கு எட்டாத ஏரி உள்வாயில், கோரை அடர்ந்த இடத்தில் விடுகிறோம். மற்றவை ரசத்துக்கு. பள்ளிக்குக் கிளம்பும் முன் வரப்பைச் சுற்றி வந்து, ஒழுகும் வளைகளில் களிமண் வைத்து மிதிக்கிறோம். சென்ற பருவத்தில் இரண்டு முறை தண்ணீர் இறங்கியது. ஒரு மூலையில் பயிர் வாடவும் செய்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலை நாங்கள் போவதற்குள் அவரே மண்வெட்டியோடு அங்கே நின்றிருந்தார்.