யார் அந்த நான்காவது ஆள்?

2021-ம் ஆண்டு மே 2, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கட்கிழமையும் விடுமுறை. பிரிட்டனில் அன்று பகல் முழுக்க வாட்ஸ்அப் குழுக்களிலும் ட்விட்டரிலும் சாப்பாட்டு மேசைகளிலும் ஓடிக்கொண்டிருந்தது ஒரே கேள்விதான்: ‘யார் அந்த ஹெச்?’

இரவு 9 மணிக்கு பிபிசி ஒன் சேனலில் ‘லைன் ஆஃப் டியூட்டி’ தொடரின் ஆறாவது சீசன் முடிகிறது. போலீஸுக்குள்ளேயே இருந்துகொண்டு குற்றக் கும்பலுக்கு வேலை பார்க்கும் அந்த ஆள் யார் என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். சூதாட்ட நிறுவனங்கள்கூட ஒவ்வொரு பாத்திரத்தின் பெயருக்கும் பந்தய விகிதம் போட்டுவைத்திருந்தன.

(தொடரை இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: முடிவு இந்தக் கட்டுரையில் இருக்கிறது.)

‘லைன் ஆஃப் டியூட்டி’ 2012-ல் பிபிசி டூ சேனலில் அதிகம் சத்தமில்லாமல் தொடங்கிய தொடர். எழுதியவர் ஜெட் மெர்க்குரியோ. எழுத்துக்கு வருவதற்கு முன்னால் மருத்துவராக இருந்தவர். கதை ‘ஏசி-12’ என்ற பிரிவைப் பற்றியது. திருடனைப் பிடிப்பது இவர்கள் வேலை இல்லை. திருட்டுக்குத் துணைபோகும் போலீஸைப் பிடிப்பதுதான் வேலை. பிரிவின் தலைவர் டெட் ஹேஸ்டிங்ஸ், வட அயர்லாந்துக்காரர். அவருக்குக் கீழே ஸ்டீவ் ஆர்னட், கேட் ஃபிளெமிங் என்று இரண்டு அதிகாரிகள்.

துப்பாக்கிச் சண்டையும் துரத்தலும் உண்டு. ஆனால் ரசிகர்கள் காத்திருந்தது அதற்காக இல்லை. ஒரு கண்ணாடி அறை. ஒரு மேசை. ரெக்கார்டர் ‘பீப்’ என்று நீளமாக ஒலித்து அடங்கும். அதன்பிறகு பத்து, பதினைந்து நிமிடங்களுக்கு வெறும் கேள்வியும் பதிலும்தான். அதையே கோடிப்பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஹேஸ்டிங்ஸ் அடிக்கடி உதிர்க்கும் வசனங்களைக் கட்டம்போட்டு எழுதிவைத்துக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல அடித்து விளையாடியவர்களும் உண்டு.

‘ஹெச்’ எங்கிருந்து வந்தது? 2016-ல் மூன்றாவது சீசனின் கடைசியில் டாட் காட்டன் என்ற அதிகாரி சாகிறான். ஏசி-12-க்குள்ளேயே இருந்த உளவாளி அவன். சாகும்முன் அவன் தந்த மரண வாக்குமூலம் செல்போனில் பதிவாகிறது. மேலிடத்தில் இருக்கும் இன்னொரு ஊழல் அதிகாரியைக் குறிக்க அதிலிருந்து கிடைத்தது ஓர் எழுத்து மட்டும். ஹெச்.

போதாதா? ஹேஸ்டிங்ஸ், ஹில்டன், ஹன்ட்லி என்று அந்த எழுத்தில் பெயர் தொடங்கும் ஒவ்வொருவர் மீதும் சந்தேகம் விழுந்தது. 2019-ல் ஐந்தாவது சீசன் இன்னொரு முடிச்சைப் போட்டது. சாகும்போது டாட்டின் கை நான்கு முறை தட்டியிருக்கிறது. பழைய தந்தி மொழியில் நான்கு புள்ளி என்றால் ‘ஹெச்’. அப்படியென்றால் அது பெயரின் முதல் எழுத்து இல்லை. ‘நான்கு பேர்’ என்ற தகவல். மூன்று பேர் யார் யார் என்று தெரிந்துவிட்டது. நான்காவது ஆள் யார்?

அந்தக் கேள்வியோடு ரசிகர்கள் இரண்டு வருடம் காத்திருந்தார்கள். ஆறாவது சீசனின் படப்பிடிப்பு பெல்ஃபாஸ்ட் நகரில் 2020 பிப்ரவரியில் தொடங்கி, கொரோனாவால் மார்ச்சில் நின்று, செப்டம்பரில்தான் மறுபடி ஆரம்பமானது. 2021 மார்ச் 21-ல் முதல் எபிசோடு வந்தது. மொத்தம் ஏழு. வாரத்துக்கு ஒன்று, ஞாயிறு இரவு. ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் பார்த்துத் தீர்த்துவிடும் காலத்தில், பிபிசி பழைய பாணியில் ‘தொடரும்’ போட்டது.

இங்கிலாந்தில் அப்போது ஊரடங்கு முழுதாகத் தளரவில்லை. ஒரு வீட்டினர் இன்னொரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பேச மே 17 வரை பொதுவாக அனுமதி கிடையாது. எனவே எல்லோரும் அவரவர் வீட்டில் பார்த்தார்கள். பார்த்து முடித்ததும் போனை எடுத்தார்கள். தாத்தா, பாட்டியைப் பார்த்தே மாதக்கணக்காகியிருந்த குடும்பங்களுக்கு, கொரோனாவைத் தவிர்த்துப் பேச ஒரு விஷயம் கிடைத்தது. திங்கள் முதல் சனிவரை துப்பறிவதுதான் வேலை. திரையில் ஒரு விநாடி வந்துபோன காகிதத்தை நிறுத்திப் பெரிதாக்கிப் படித்தார்கள். முதல் சீசனில் ஓரமாக நின்ற ஆள் யார் என்று தேடி எடுத்தார்கள். போலீஸ்காரர்கள் பேசும் சுருக்கெழுத்துப் பெயர்களுக்கு அர்த்தம் கேட்பதே ஒரு பொழுதுபோக்கானது. இந்த ஊகங்களை அலசுவதற்கென்றே பிபிசி ஒரு பாட்காஸ்ட் நடத்தியது. நடத்தியவர் கிரெய்க் பார்கின்சன். செத்துப்போன டாட்டாக நடித்தவரேதான்!

ஒவ்வொரு ஊகத்துக்கும் ஒரு கட்சி சேர்ந்தது. இறுக்கமான சிரிப்போடு வந்து ஏசி-12-ஐயே முடக்கப் பார்க்கும் பெட்ரீஷியா கார்மைக்கேல்தான் என்றது ஒரு கட்சி. சீஃப் கான்ஸ்டபிள் ஃபிலிப் ஆஸ்போர்ன் என்றது இன்னொரு கட்சி. (பெயரைப் பார்த்து ஏட்டு என்று நினைத்துவிட வேண்டாம், அந்தக் காவல் படைக்கே அவர்தான் தலைவர்.) ஐந்தாவது எபிசோடில் மார்கஸ் தர்வெல் என்ற பழைய அதிகாரியின் புகைப்படம் வந்தது. படத்தில் இருந்தவர் பிரபல நடிகர் ஜேம்ஸ் நெஸ்பிட். ‘இவ்வளவு பெரிய நடிகரை வெறும் போட்டோவுக்கா கூப்பிடுவார்கள்? இவன்தான்!’ என்று பலர் முடிவே கட்டிவிட்டார்கள். வெறும் போட்டோவுக்குத்தான் கூப்பிட்டிருந்தார்கள். தர்வெல் ஸ்பெயினில் சடலமாகக் கிடந்தான்.

எல்லாவற்றையும்விட ஒரு சந்தேகம்தான் பார்வையாளர்களை உண்மையிலேயே பயமுறுத்தியது. ஹேஸ்டிங்ஸாக இருந்துவிட்டால்? ஒன்பது வருடமாக ‘சட்டத்தின் ஒவ்வோர் எழுத்தும் எனக்கு முக்கியம்’ என்று நெஞ்சை நிமிர்த்தி நின்ற மனிதர் அவர். அவரே திருடன் என்றால், ஆறு சீசன்களாக யாரை நம்பி உட்கார்ந்திருந்தோம் என்ற கேள்வி வந்துவிடும். குற்றத்தைக் கண்டுபிடிக்க அல்ல, ஒருவரைக் காப்பாற்றவே எத்தனையோ பேர் ஊகம் செய்தார்கள்.

இந்தப் பழக்கம் இணையத்தோடு பிறந்தது இல்லை. சார்லஸ் டிக்கன்ஸ் 1870 ஜூன் 9-ல் இறந்தபோது, ‘எட்வின் ட்ரூட்’ மர்மக் கதை மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. 12 பகுதிகளில் பாதியைத்தான் எழுதி முடித்திருந்தார். காணாமல்போன இளைஞனைக் கொன்றது அவனுடைய மாமாவா? வாசகர்கள் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டார்கள். 1914 ஜனவரியில் லண்டனில் அந்த மாமா பாத்திரத்தின் மீது ஒரு விளையாட்டு வழக்கே நடந்தது. நீதிபதி ஜி.கே.செஸ்டர்டன். ஜூரிகளின் தலைவர் பெர்னார்ட் ஷா. ஷா கேலியாக ஒரு சமரசத் தீர்ப்பைச் சொல்ல, செஸ்டர்டன் தன்னைத் தவிர அங்கிருந்த அத்தனைபேருக்கும் நீதிமன்ற அவமதிப்பு அபராதம் போட்டு முடித்துவைத்தார். ட்ரூட் கதைக்கு முடிவே இல்லை என்பதால், எந்த ஊகமும் தோற்கவும் இல்லை.

மெர்க்குரியோவுக்கு அந்த வசதி இல்லை. மே 2 இரவு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

அன்று சராசரியாக 1 கோடியே 28 லட்சம் பேர் பார்த்தார்கள். அந்த நேரத்தில் டி.வி பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிக்கும் மேல். எழுத்துப் பிழை ஒன்றிலிருந்து முடிச்சு அவிழ்கிறது. ஆங்கிலத்தில் ‘டெஃபினிட்லி’ என்று எழுதும்போது, ‘ஐ’ வரவேண்டிய இடத்தில் ‘ஏ’ போடும் பழக்கம் அந்த ஆளுக்கு. ஐந்தாவது சீசனில் ரகசிய உரையாடல் ஒன்றில் இந்தப் பிழை வந்தபோதே ரசிகர்கள் பிடித்துவைத்திருந்தார்கள். அதே பிழை பல பழைய ஆவணங்களிலும் இருக்கிறது. சிறையிலிருந்து ஒருவரை முகத்தைக் காட்டாமல் அழைத்துவருகிறார்கள். கண்ணாடி அறையின் கதவு திறக்கிறது.

இயன் பக்கெல்ஸ்.

முதல் சீசனிலிருந்தே வந்துபோய்க்கொண்டிருந்த அசமந்தமான அதிகாரி. வேலையில் அக்கறை கிடையாது, புத்திசாலித்தனமும் கிடையாது; ஆனாலும் பதவி உயர்வு மட்டும் தவறாமல் கிடைத்துக்கொண்டிருந்தது. இதே சீசனின் ஆரம்ப எபிசோடுகளிலேயே கைதாகி உள்ளே போனவர். ஊரே தேடிக்கொண்டிருந்த ஆள் ஏற்கெனவே கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்! விசாரணையில் வெளிப்படுவதும் பெரிய சதி எதுவும் இல்லை. கும்பல் சொன்னதை இன்னொருவருக்குக் கடத்தினார், காசு வாங்கினார், வாயை மூடிக்கொண்டார். தலைவனும் இல்லை, மூளையும் இல்லை, வெறும் தபால்காரர்.

எபிசோடு முடிவதற்குள்ளேயே இணையத்தில் புலம்பல் ஆரம்பித்துவிட்டது. ‘ஒன்பது வருடம் காத்திருந்தது இவனுக்காகவா?’ என்பதுதான் அதன் சாரம். ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்பட்டார்கள். ‘இதுதான் சரியான முடிவு’ என்று வாதாடியவர்களும் இருந்தார்கள். அன்றிரவு அவர்கள் குரல் எடுபடவில்லை. சமூகத்தில் ஊழலின் உண்மையான இயல்பைச் சொல்ல முயன்றோம், அது எல்லோருக்கும் பிடிக்காது என்று தெரிந்தேதான் செய்தோம் என்ற பொருளில் மெர்க்குரியோ பதில் சொன்னார்.

ஏமாற்றத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. கதையாக அந்தக் கடைசி எபிசோடில் வேகம் குறைவு. ஏழு வாரம் ஏற்றிவிட்ட பரபரப்புக்கு ஏற்ற தீனி அதில் இல்லை. ஆனால் ரசிகர்களின் ஊகங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒன்று தெரியும். கார்மைக்கேல், ஆஸ்போர்ன், ஹேஸ்டிங்ஸ் என எல்லாமே உச்சியில் இருப்பவர்கள் அல்லது பெரிய மூளைக்காரர்கள். எல்லோரும் ஒரு மகா வில்லனைத்தான் தேடினார்கள். அதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. கெட்டதற்கெல்லாம் ஒரே ஆள் காரணம் என்றால், அவனைப் பிடித்தால் போதும். மற்றவர்கள் நல்லவர்கள், அமைப்பு நல்லது, நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.

பக்கெல்ஸைப் பிடித்தால் எதுவும் முடிவதில்லை. தொல்லை தராதவன் என்று அவரை உயர்த்திய மேலதிகாரி யார்? தெரிந்தும் தெரியாததுபோல் இருந்த சகாக்கள் யார்? அந்தக் கேள்விகளுக்குக் கண்ணாடி அறையில் இடமில்லை. தொடர் முடியும்போது ஆஸ்போர்ன் பதவியில்தான் இருக்கிறார். ஏசி-12-ன் அதிகாரம் முன்னெப்போதையும்விடக் குறைந்துவிட்டது. ஹேஸ்டிங்ஸும் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறார். கும்பலுக்குள் ரகசியமாக வேலை பார்த்த ஜான் கார்பெட் என்ற அதிகாரி காட்டிக்கொடுக்கப்பட்டதில் அவருக்கும் பங்குண்டு. கார்பெட் கொல்லப்பட்டுவிட்டான். ரசிகர்கள் காப்பாற்ற நினைத்த மனிதர் ‘ஹெச்’ இல்லை. ஆனால் கை சுத்தமானவரும் இல்லை.

இது எழுத்தாளரின் கற்பனை மட்டும் இல்லை. ஆறாவது சீசனில் லாரன்ஸ் கிறிஸ்டோஃபர் என்ற கறுப்பின இளைஞர் இனவெறியர்களால் தாக்கப்பட்டு, போலீஸ் காவலில் இறந்ததாக ஒரு கிளைக்கதை வரும். 1993-ல் லண்டனில் இனவெறியர்களால் கொல்லப்பட்ட ஸ்டீஃபன் லாரன்ஸ், 1998-ல் ஹல் நகரக் காவல் நிலையத்தில் இறந்த கிறிஸ்டோஃபர் ஆல்டர் என்ற இரண்டு பெயர்களையும் அந்த ஒரு பெயர் நினைவூட்டுகிறது.

கடைசி எபிசோடு வந்து ஆறு வாரம் கழித்து, 2021 ஜூன் 15-ல் ஒரு நிஜ அறிக்கை வெளியானது. டேனியல் மோர்கன் என்ற தனியார் துப்பறிவாளர், 1987 மார்ச் 10-ம் தேதி தெற்கு லண்டனில் ஒரு மதுக்கடையின் கார் நிறுத்துமிடத்தில் கோடரியால் வெட்டிக் கொல்லப்பட்டார். போலீஸ் பலமுறை விசாரித்தும் யாருக்கும் தண்டனை வாங்கித்தர முடியவில்லை. குடும்பத்தின் விடாத போராட்டத்தால் 2013-ல் ஒரு சுயேச்சைக் குழு அமைக்கப்பட்டது. எட்டு வருடம் கழித்து வந்த அதன் அறிக்கை 1,200 பக்கங்களுக்கும் மேல்.

அதில் மகா வில்லன் யாரும் இல்லை. தன் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று மெட்ரோபாலிடன் போலீஸ் தன் தவறுகளை மறைத்தது, மறுத்தது. அது ஒரு வகையான நிறுவன ஊழல் என்றது அறிக்கை. அந்த வார்த்தையை ஏற்க முடியாது என்றார் அப்போதைய லண்டன் போலீஸ் கமிஷனர். தொடரில் ஆஸ்போர்னும் அதே வார்த்தையைத்தான் மறுத்துக்கொண்டிருந்தார்.

2023 ஜூலையில் மெட்ரோபாலிடன் போலீஸ் மோர்கன் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டது, இழப்பீட்டுக்கும் ஒப்புக்கொண்டது. அப்போது கொலை நடந்து 36 வருடம் ஆகியிருந்தது. கோடரியை வீசியவர் யார் என்ற கேள்விக்கு எந்த நீதிமன்றமும் இன்னும் பதில் சொல்லவில்லை. விடை கிடைக்காமல்போனதற்குப் பின்னால், அந்தந்த நேரத்தில் தன் வேலையைச் சரியாகச் செய்யாத எத்தனையோ பேர் இருந்திருக்கிறார்கள். அவர்களை வைத்து யாரும் ஊகம் செய்து விளையாடப்போவதில்லை. பந்தயம் கட்டவும் ஆள் கிடைக்காது.