அழுகண்ணியும் ஒரு அண்டா மழைத் தண்ணீரும்



செடியைப் பூச்சி தின்பது எல்லோருக்கும் தெரியும். பூச்சியைச் செடி தின்கிறது என்றால் எங்கள் நூம்பல் தெருவில் சிரிக்கிறார்கள். ஆனால் எங்கள் வீட்டு வாசலில் அப்படி ஆறு செடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் நாணயம் அளவுதான்.

பெயர் அழுகண்ணி. தாவரவியலில் டிரோசீரா பர்மானி. தமிழ்நாட்டின் ஈரமான மணல் நிலங்களில் தானாக வளர்வது. இலை முழுக்க கண்ணீர்த் துளி போல பசை. கொசு உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும். ஓர ரோமங்கள் சில விநாடிகளில் மடங்கி அமுக்கும். இமயமலையில் பட்டர்வோர்ட் என்ற செடியும் இலைப் பசையால்தான் பூச்சி பிடிக்கிறது. ஆனால் நம் ஊர் வெயிலைத் தாங்க அழுகண்ணிதான் சரி. இந்த டிரோசீரா இனத்தின் மேல் 1860-ல் ஆசைப்பட்டு ஆராயத் தொடங்கிய சார்லஸ் டார்வின், பூச்சி உண்ணும் தாவரங்கள் பற்றிய புத்தகத்தை 1875-ல்தான் வெளியிட்டார். பதினைந்து வருஷம்!

"எரு போடாம எப்படிடா வளரும்?" என்று அம்மா கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஆனால் இது சத்தில்லாத மண்ணில் பிழைக்கப் பழகிய செடி. நைட்ரஜனை வேர் மூலம் தேடாமல் பூச்சியிடமிருந்து இலை வழியாக எடுத்துக்கொள்கிறது. எரு போட்டால் வேர் கருகிவிடும்.

அடுத்த சிக்கல் தண்ணீர். முதலாண்டு கெமிஸ்ட்ரி லேபில் நாமெல்லோரும் இடிடிஏ டைட்ரேஷன் செய்தோமே, ஒயின் சிவப்பு ஸ்டீல் நீலமாக மாறும் வரை சொட்டுச் சொட்டாக? அதில் அளக்கிற கால்சியமும் மக்னீசியமும்தான் இந்தச் செடிக்கு எமன். போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு தொட்டியிலேயே தங்கி, நாளுக்கு நாள் ஏறும்.

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். ரெக்கார்டு நோட்டில் என்ன எழுதுகிறேன் என்று வீட்டில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. அன்று தண்ணீரின் கடினத்தன்மையை அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பாதியிலேயே, "பருப்பு வேகாத தண்ணின்னு சொல்லேன். சோப்பு கூட நுரைக்காது" என்றாங்க. நான் மார்க் வாங்கிய பாடம் அவங்க அடுப்படியில் எப்போதோ படித்த பாடம்! படிப்பு எங்கள் இருவருக்கும் நடுவில் சுவராக நிற்குமோ என்று எனக்குள் ஒரு பயம் இருந்தது. அது அன்றே பாதி குறைந்தது.

கேன் தண்ணீர் கேட்டேன். "துட்டு குடுத்து குடிக்க வாங்குறதை செடிக்கா?" என்றாங்க. அதுவும் நியாயம்தான். மிச்சம் இருந்தது மழை. கூரைத் தண்ணீர் வேண்டாம், வானத்திலிருந்து நேராக விழுவதுதான் வேண்டும் என்றேன். ஐப்பசியில் ஒரு நாள் நான் காலேஜில் இருந்தபோது நல்ல மழை. வீடு திரும்பினால், வாசல் நடுவில் கல்யாணச் சீர் அண்டா நிரம்பி நின்றது. கேனில் ஊற்றி மூடி வைத்தது கோடைக்கும் வந்தது.

வளர்க்க ஆசையா? உப்பு போகும்வரை மழைத் தண்ணீரில் பலமுறை அலசிய தேங்காய் நார்த்தூளும் சுத்தமான மணலும் சமபங்கு போதும். விதை தூசி மாதிரி இருக்கும். மேலே தூவுங்கள், மூடாதீர்கள், வெளிச்சம் வேண்டும். தொட்டியை அரை அங்குலம் தண்ணீர் உள்ள தட்டில் வையுங்கள். நல்ல வெயில் அவசியம். சோறு, கறித்துண்டு போடாதீர்கள். பூச்சி தானே வரும். பெரும்பாலும் ஒரு வருஷ ஆயுசுதான், ஆனால் போகும் முன் நூற்றுக்கணக்கில் விதை தரும். காட்டிலிருந்து மட்டும் பிடுங்காதீர்கள். மருந்துக்கென்று பிடுங்குகிறவர்களே போதும்.

என்னிடம் விதை இருக்கிறது. கேட்பவர்களுக்குக் காகிதத்தில் மடித்து இலவசமாகத் தருவேன். ஒரே நிபந்தனை: முதலில் ஒரு பாத்திரம் மழைத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வாருங்கள். எந்தப் பாத்திரம் என்று வீட்டில் அம்மாவைக் கேளுங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.