மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு நெடுந்தூர ஓட்டம்

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழப் பாதி வழியில் அமைந்துள்ளது எங்கள் மங்கலம்பேட்டை. விடியற்காலையில், பள்ளிவாசலின் பாங்கொலி கேட்கும் வேளையில், தேநீர்க் கடைகளில் விளக்கு எரியத் தொடங்கும். நான் ஓடப் புறப்படுவதும் அப்பொழுதுதான். ஊரைத் தாண்டினால் செம்மண் பூமி, முந்திரித் தோப்புகள், மல்லாட்டைக் கொல்லைகள். அண்மையில்தான், வீரமாமுனிவரின் பெயரோடு பிணைந்த கோணாங்குப்பம் பெரியநாயகி அன்னை ஆலயமும் இருக்கின்றது.

ஐம்பத்து நான்காம் வயதில் இவருக்கு ஏன் இந்த ஓட்டம் என்று வாசகர்கள் வியக்கலாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை கொடுத்த மருத்துவர், நாள்தோறும் நடக்கும்படி சொன்னார். நடை மெல்ல மெல்ல ஓட்டமாயிற்று. என் பழைய மாணவன் ஒருவன் இதைக் கண்டு, "ஐயா, ஆரோவில் மராத்தானுக்கு வாருங்களேன்" என்று அழைத்தான். 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஓட்டம் அது. 42.195 கிலோமீட்டர், அதில் பாதித் தொலைவு, 10 கிலோமீட்டர் என மூன்று பிரிவுகள் உண்டு. வெற்றி பெற்றவர் என்று எவரையும் மேடையேற்றிப் பரிசளிக்கும் வழக்கம் அங்கு இல்லை. ஓடும் மகிழ்ச்சி ஒன்றே பயன்.

பாதித் தொலைவுக்குப் பெயர் கொடுத்தேன். என் துணைவியார் மட்டும் மகிழவில்லை. "தலை சுற்றுவதுபோல் இருந்தால் அதற்குமேல் ஓரடியும் எடுத்துவைக்கக் கூடாது. வாக்குக் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்றார். கொடுத்தேன்.

பிப்ரவரி மாதத்தில், உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம் வழியாகப் புதுச்சேரி சென்று ஆரோவிலை அடைந்தேன். 1968 பிப்ரவரி 28 அன்று அவ்வூர் தோற்றுவிக்கப்பட்டபோது, மழைநீர் அரித்த செம்மண் பொட்டலாகவே அது கிடந்ததாம். வரப்பு கட்டி, நீரைத் தேக்கி, மரக்கன்றுகளை நட்டு அதைக் காடாக்கியுள்ளனர். இருள் விலகுமுன் நாங்கள் புறப்பட்டோம். காலடியில் அதே செம்மண். இருமருங்கிலும் ஆங்காங்கே முந்திரி மரங்கள். ஊரிலேயே ஓடுவதுபோல் இருந்தது. அந்த எண்ணமே என்னை ஏமாற்றியது.

வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள் இருந்தன. இளைஞர்கள் நீரும் பழமும் ஏந்தி நின்றனர். நெடுந்தூரக் காட்டோட்டங்களில் இத்தகைய நிலைகளைச் 'செக் பாயிண்ட்' என்பர். நாம் அவற்றைச் சாவடி எனலாம். அங்கே ஓடுவோரின் எண்ணைக் குறித்துக்கொள்வர். குறித்த நேரத்துக்குள் வாராதவரை மேலே செல்ல விடமாட்டார்கள். ஒரு சாவடியில் பதிந்த எண் அடுத்ததில் பதியாவிட்டால், அந்த ஆளைத் தேடிப் புறப்படுவர். ஆதலால் சாவடி என்பது தாகம் தீர்க்கும் இடம் மட்டுமன்று. நம்மைக் கணக்கில் வைத்திருக்கும் இடமுமாகும்.

இதை நான் அன்று உணரவில்லை. கூட்டம் என்னை முந்திச் செல்வதைக் கண்டு, முதல் மூன்று பந்தல்களிலும் நில்லாது ஓடினேன். காலையில் மாத்திரை போட்டுக்கொண்டதும், வயிற்றுக்கு ஒன்றும் இடாததும் நினைவில் இல்லை. பதினான்காம் கிலோமீட்டரை நெருங்கியபோது கை நடுங்கியது; வியர்வை குளிர்ந்தது; எதிரே இருந்த மரங்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. அடுத்த பந்தலில் நின்ற பெண்பிள்ளை என் முகத்தைப் பார்த்ததுமே, "ஐயா, முதலில் உட்காருங்கள்" என்று கையைப் பற்றினாள்.

இனிப்பு நீரும் வாழைப்பழமும் தந்தனர். சர்க்கரை நோய்க்கான சில மருந்துகளை உண்டு, உணவின்றி நெடுநேரம் ஓடினால், இரத்தத்தில் சர்க்கரை அளவு ஆபத்தாகத் தாழக்கூடும் என்று அங்கிருந்த மருத்துவர் விளக்கினார். நான் செம்பு செம்பாக நீர் கேட்டபோது அதையும் தடுத்தார். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மராத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்து, 2005இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களுள் 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. அளவின்றி நீர் பருகியதே அதற்கு முதற்காரணம்.

கால் மணி நேரத்தில் தெம்பு வந்தது. எஞ்சியிருந்தது ஏழு கிலோமீட்டர். எழுந்து ஓடிவிடலாம் என்று மனம் துடித்தது. யாரும் வீட்டில் சொல்லப்போவதுமில்லை. ஆயினும் கொடுத்த வாக்கு என்னைப் பிடித்து உட்கார்த்தியது. சட்டையில் குத்தியிருந்த எண்ணைக் கழற்றினேன். இருசக்கர வண்டி ஒன்றின் பின்னால் அமர்ந்து எல்லைக்கோட்டுக்குச் சென்றேன். வெட்கமாகத்தான் இருந்தது.

வீடு திரும்பி நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். துணைவியார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "உட்காரத் தெரிந்ததே, அது போதும்" என்று சொல்லிச் சோறு பரிமாறினார்.

மூன்று நாள் ஓய்வெடுத்தேன். நான்காம் நாள் காலை, தேநீர்க் கடைப் பையன் வாசலில் வந்து நின்றான். "மூணு நாளா ஐயாவைக் காணலியே, பார்த்துட்டு வான்னு முதலாளி அனுப்பினாரு" என்றான். ஆண்டுக்கணக்கில் அக்கடையைக் கடந்து ஓடியிருக்கிறேன்; கை உயர்த்தியதோடு சரி, நின்றதில்லை. என் சாவடி என் ஊரிலேயே இருந்திருக்கின்றது. மறுநாள் முதல், போகும்போது ஒரு வாய்த் தேநீரும் இரண்டு பொறையும் அங்கே உண்ட பின்னரே ஓடுகிறேன்.