மாப்பிள்ளையின் ஃப்ரீசரில் மூன்று பென்சில் குறிகள்

மகள் வீட்டுக்குப் போன மூன்றாவது நாள், துணி துவைக்கும் மெஷினைத் தேடிக் கீழே பேஸ்மென்ட்டுக்கு இறங்கினேன். அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கும் மில்வாக்கி நகரம் அது. மெஷினுக்குப் பக்கத்து மூலையில், பழைய பெட்ஷீட் போர்த்திய ஒரு பெரிய பெட்டி இருந்தது. மதுரையில் 38 வருஷம் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை நடத்தியவன் நான். பெட்ஷீட்டுக்கு உள்ளே இருப்பது என்னவென்று எனக்குத் தெரியாதா?

விலக்கிப் பார்த்தேன். நம் ஊர் ஐஸ்கிரீம் கடைகளில் மேல்பக்கம் மூடி வைத்து இருக்குமே, அந்த மாதிரி செஸ்ட் ஃப்ரீசர். ஏழு கன அடி இருக்கும். பழசுதான், ஆனாலும் துருப்பிடிக்காத நல்ல உடம்பு. முன்பக்கச் சுவரில் வரிசையாக மூன்று இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தது. பக்கத்தில் டிரில் மெஷின், மூன்று குழாய்கள், சின்ன கேஸ் சிலிண்டர் ஒன்று, எஃகில் செய்த உயரமான உருளைகள் மூன்று.

மேலே வந்து மகளிடம் கேட்டேன். அவள் முகம் மாறிவிட்டது.

"அப்பா... அது அவரோட பொழுதுபோக்கு. வீட்லயே பீர் பண்ணுவாரு. நீங்க வர்றீங்கன்னுதான் மூடி வெச்சோம்."

மூடி வைத்ததற்குக் காரணம் உண்டு. 1971-ல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு நீங்கிச் சாராயக் கடைகள் திறந்தபோது எனக்கு 12 வயது. அப்பா மில் தொழிலாளி. சம்பள நாளில் அவர் வீட்டுக்கு வந்து சேரும் நேரத்தை வைத்துத்தான் எங்கள் மாசம் நல்ல மாசமா, கெட்ட மாசமா என்று தெரியும். அம்மாவின் பித்தளைக் குடம் அடகுக் கடைக்குப் போனது, பிறகு வரவே இல்லை. எனக்கு 19 வயதில் அப்பாவும் போய்விட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டு வாசலில் மது என்ற பேச்சே நுழைந்ததில்லை. மகளுக்கு இது தெரியும். மாப்பிள்ளைக்கும் அவள் சொல்லியிருப்பாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மாப்பிள்ளை பீர் காய்ச்சுவது ஒரு பக்கம் உறுத்தியது. அதைவிட அந்த மூன்று பென்சில் குறிகள்தான் கண் முன்னால் நின்றன.

சாதாரண பழைய ஃப்ரிட்ஜில் கண்டன்ஸர் காயில் பின்பக்கம் கறுப்பாக வெளியே தெரியும். செஸ்ட் ஃப்ரீசரில் அப்படி இல்லை. குளிர்விக்கும் குழாய் உள்சுவரைச் சுற்றியும், சூட்டை வெளியே தள்ளும் குழாய் வெளித்தகட்டை ஒட்டியும் ஓடும். நடுவில் ஃபோம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. டிரில் போய்க் குழாயில் பட்டால் 'புஸ்' என்று ஒரு சத்தம். கேஸ் போய்விடும், கதை முடிந்தது. நம் ஊர் போல் ஆளைக் கூப்பிட்டுப் பற்ற வைத்து கேஸ் ஏற்றிவிட முடியாது. அங்கே அந்த வேலையைச் செய்ய அரசுச் சான்றிதழ் வேண்டும். ஆகும் செலவுக்கு வேறு ஃப்ரீசரே வாங்கிவிடலாம்.

மனசு ஒரு கணக்குப் போட்டது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நாளைக்கு மாப்பிள்ளை ஓட்டை போடுவார், ஃப்ரீசர் செத்துவிடும், பீர் குழாயும் வராது. என் மேல் யாரும் பழி சொல்ல மாட்டார்கள்.

அந்த நினைப்போடுதான் தூங்கினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

சனிக்கிழமை காலை, காபி குடித்துக்கொண்டிருந்தபோது கீழே டிரில் மெஷின் சுற்றிப் பார்க்கும் சத்தம் கேட்டது. டம்ளரை அப்படியே வைத்துவிட்டு இறங்கினேன். வயசானவன் இறங்கும் வேகம் இல்லை அது.

"மாப்பிள்ளை, அங்க ஓட்டை போடாதீங்க!"

அவர் திரும்பினார். திட்டத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல. "இல்ல மாமா... நானே உங்ககிட்ட சொல்லணும்னு..." என்று இழுத்தார்.

"அதை அப்புறம் பேசலாம். முதல்ல பிளக்கை மாட்டி ஆன் பண்ணுங்க."

இருபது நிமிஷம் ஓடவிட்டோம். அவர் கையைப் பிடித்து வெளித்தகட்டின் மேல் வைத்தேன். ஒரு இடம் வெதுவெதுப்பாக இருந்தது, இரண்டு விரல் தள்ளி வெப்பம் இல்லை, மறுபடியும் வெதுவெதுப்பு. கோடு கோடாக ஓடும் குழாயைக் கை கண்டுபிடித்துவிடும். அவர் போட்ட மூன்று குறிகளில் இரண்டு நேராகக் குழாயின் மேல் இருந்தன. மாப்பிள்ளை ஒன்றும் பேசாமல் டிரில்லைக் கீழே வைத்தார்.

"அப்போ எப்படி மாமா குழாய் வைக்கிறது?"

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்ன நிமிஷத்திலேயே அந்த வேலைக்குள் போய்விட்டேன்.

சுவரைத் தொடவே கூடாது. மூடியைக் கழற்றி, உடம்புக்கும் மூடிக்கும் நடுவில் மரத்தில் ஒரு சட்டம் செய்து உட்கார வைத்தால், ஓட்டையெல்லாம் மரத்தில்தான். அங்கே இந்த வேலை செய்பவர்கள் பலரும் இப்படித்தான் செய்கிறார்களாம். அதைப் படித்திருந்தும், சுவரில் போடுவது சுலபம் என்று மாப்பிள்ளை நினைத்திருக்கிறார். ஆறு அங்குல உயரப் பலகையை அறுத்து, மூலைகளை இறுக்கி, அடியில் ரப்பர் பட்டை ஒட்டி, உள்பக்கம் ஃபோம் வைத்தோம். இரண்டு சனி, ஞாயிறு போயிற்று.

அந்த நாட்களில்தான் இந்தப் பொழுதுபோக்கின் கதையும் எனக்குத் தெரிந்தது. மில்வாக்கி, ஜெர்மானியர்கள் குடியேறி வளர்த்த பீர் நகரம். ஊர் பேஸ்பால் அணிக்கே 'ப்ரூயர்ஸ்', அதாவது பீர் காய்ச்சுபவர்கள் என்றுதான் பெயர். ஆனால், அந்த நாட்டிலும் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்திருக்கிறது. அது நீங்கிய பிறகு வீட்டில் ஒயின் செய்ய வழி விட்டார்கள், பீருக்கு விடவில்லை. 1978-ல் ஜிம்மி கார்ட்டர் ஜனாதிபதியாக இருந்தபோதுதான் அந்தச் சட்டம் மாறியது. பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கும் வீட்டில் வருஷத்துக்கு 200 கேலன் வரை காய்ச்சலாம், விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் அலபாமா, மிசிசிப்பி மாநிலங்கள் 2013 வரை அனுமதிக்கவில்லை. நம் ஊரில் இது சட்டப்படி குற்றம் என்பதை இளவட்டங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பார்லியை முளைகட்டிக் காய வைத்த மால்ட்டை வெந்நீரில் ஊற வைத்துச் சாறு எடுத்து, கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்க வைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்க்கிறார்கள். "நம்ம இட்லி மாவு பொங்குற மாதிரிதான் இருக்கு" என்றாள் என் மனைவி, எட்டிப் பார்த்துவிட்டு. ஒரு தடவைக்கு ஐந்து கேலன், கிட்டத்தட்ட 19 லிட்டர். அதைப் பாட்டிலில் அடைத்தால் ஐம்பதுக்கு மேல் வரும். ஐம்பது பாட்டிலையும் கழுவிச் சுத்தம் செய்து மூடி போட்டு அலுத்துப்போனவர்கள்தான் இந்த எஃகு உருளைக்கு வருகிறார்கள். அதைக் 'கெக்' என்கிறார்கள்.

அந்தக் கெக் பிறந்த கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. அது பீருக்காகச் செய்த பாத்திரமே இல்லை. ஹோட்டல்களுக்கு பெப்சி, கோக் சிரப் அனுப்பச் செய்தது. பிறகு கம்பெனிகள் அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் பை வைத்துச் சிரப் அனுப்ப ஆரம்பித்ததும், இந்த உருளைகள் வேலை இழந்து மலிவு விலைக்கு வந்தன. வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் அள்ளிக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர், ரிட்டயர் ஆனவர், தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். அவர் செஸ்ட் ஃப்ரீசருக்குப் போகவில்லை. பழைய ஃப்ரிட்ஜின் தட்டுகளை எடுத்துவிட்டு உள்ளே இரண்டு கெக் நிறுத்தி, கதவில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருந்தார். அந்த மாதிரிப் பழைய ஃப்ரிட்ஜ் கதவுக்குள் கேஸ் குழாய் ஓடாது. கெட்டிக்காரர் என்று தலையாட்டினேன். அவருக்குத் தமிழ் தெரியாது, என் இங்கிலீஷ் அரைகுறை. இரண்டு பேரும் கம்ப்ரஸரைத் தொட்டுத் தொட்டு ஒரு மணி நேரம் பேசினோம்.

ஃப்ரீசரை அப்படியே ஓடவிட்டால் மைனஸ் 18 டிகிரிக்குப் போய் எல்லாம் கட்டியாகிவிடும். அதனால் வெளியே தனியாக ஒரு கன்ட்ரோலர். ஃப்ரீசரின் பிளக்கை அதில் மாட்டி, அதன் சென்சாரை உள்ளே விட்டுவிட வேண்டும். மூன்று டிகிரி செல்சியஸ் வந்ததும் கரன்ட்டை நிறுத்தும். மாப்பிள்ளை சென்சாரைச் சும்மா தொங்கவிட்டிருந்தார். மூடியைத் திறக்கும்போதெல்லாம் கம்ப்ரஸர் தூக்கிவாரிப் போட்டுக்கொண்டு ஓடியது. "தண்ணி பாட்டில்ல வெச்சுக் கட்டுங்க. நின்ன கம்ப்ரஸர் உடனே கிளம்பக் கூடாது, நம்ம ஊர் ஸ்டெபிலைசர்ல டைம் டிலே இருக்கும்ல, அதையும் இதுல செட் பண்ணுங்க" என்றேன். ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, உள்ளே ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்றும் வைத்தோம்.

சிலிண்டரில் இருப்பது கார்பன் டை ஆக்ஸைடு. உள்ளே அழுத்தம் 800 பி.எஸ்.ஐ.க்கும் மேல். ரெகுலேட்டர் வழியாகக் கெக்குக்குப் போவது 12 பி.எஸ்.ஐ.தான். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கச் சொன்னேன். இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தொட்டியில் தண்ணீர் நிற்பதைப் போல ஃப்ரீசருக்குள் தேங்கி நிற்கும். சட்டென்று தலையை உள்ளே விட்டுக் குனிந்தால் மயக்கமே வரலாம். மூடியைத் திறந்து, காற்று மாற நேரம் கொடுத்து, பிறகுதான் கை வைக்க வேண்டும்.

இதற்கு நடுவில் ஒரு மத்தியானம். சட்டத்துக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தோம். ஐந்து வயசுப் பேத்தியைக் காணவில்லை என்று மகள் மேலே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால், ஃப்ரீசர் ஓரத்தில் ஒற்றைச் செருப்பு. உள்ளே குத்துக்கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, "தாத்தா, சொல்லாதீங்க!" என்று வாயில் விரல் வைத்தாள்.

மூடியை முதல் நாளே கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். கடையில் இருந்த பழக்கம் அது. பழைய பெட்டி வந்தால் முதல் வேலை, கதவைக் கழற்றுவது. அந்தக் காலத்து ஃப்ரிட்ஜ்களில் வெளியிலிருந்து மட்டும் திறக்கும் கொக்கிக் கைப்பிடி இருந்தது. ஒளிந்து விளையாடிய குழந்தைகள் உள்ளே மாட்டி மூச்சுத் திணறி இறந்த பிறகுதான், வீட்டு ஃப்ரிட்ஜை உள்ளிருந்தும் திறக்க முடிய வேண்டும் என்று அமெரிக்காவில் 1956-ல் சட்டம் போட்டார்கள். காந்தப் பட்டை வைத்த கதவு பரவியது அப்படித்தான்.

பேத்தியைத் தூக்கி வெளியே விட்டேன். மாப்பிள்ளை படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் கழித்து, "மாமா, மூடிக்குப் பூட்டு போட்டுடலாம். குழாய்க்கும்" என்றார்.

அந்தப் படிக்கட்டில்தான் நான் என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். குடம் அடகுக்குப் போனதை, சம்பள நாள் ராத்திரிகளை. மகள் மேலோட்டமாகச் சொல்லியிருப்பாள், நான் வாய் திறந்து யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. அவர் குறுக்கே பேசவில்லை. "என் மேல உங்களுக்குப் பயமா மாமா?" என்று மட்டும் கேட்டார்.

"இருக்கு" என்றேன். பொய் சொல்ல மனசு வரவில்லை.

"சனிக்கிழமை ஒரு கிளாஸ். அதைத் தாண்டினா உங்க பொண்ணு உங்ககிட்ட சொல்லட்டும்."

வாக்குறுதிகளை என் அம்மாவும் நிறையக் கேட்டிருக்கிறாள். அதனால் சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் அப்பா எவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அது எனக்கு ஏதோ ஒரு தெம்பைக் கொடுத்தது.

குழாய் மாட்டும் அன்று நான் ஒரு நிபந்தனை போட்டேன். மூன்றாவது கெக்கில் பீர் கூடாது, பன்னீர் சோடா. இந்தியக் கடையில் ரோஸ் சிரப் கிடைத்தது. சோடாவுக்கு அழுத்தம் 30 பி.எஸ்.ஐ. வேண்டும் என்பதால் இரண்டாவது ரெகுலேட்டர் வாங்கினோம். அவ்வளவு அழுத்தத்தில் நுரை பொங்காமல் இருக்க ஹோஸை இரண்டு பங்குக்கு மேல் நீளமாகச் சுற்றிவிட்டோம். பன்னீர் வாசனை ரப்பரில் ஏறினால் போகாது. அதனால் அந்தக் கெக்கும் ஹோஸும் இனி சோடாவுக்கு மட்டும்தான். குளிர்பானத்துக்காகப் பிறந்த உருளை மறுபடியும் குளிர்பானத்துக்கே வந்து சேர்ந்தது.

முதல் கிளாஸ் பேத்திக்கு. மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்து, "இன்னொண்ணு!" என்றாள். பக்கத்து வீட்டுப் பெரியவரும் பீரை விட்டுவிட்டுப் பன்னீர் சோடாவைத்தான் இரண்டு கிளாஸ் குடித்தார். மாப்பிள்ளையின் பீரை நான் தொடவில்லை. அவரும் ஊற்றிக் கொடுக்கவில்லை.

ஊர் திரும்பி எட்டு மாசம் ஆகிறது. முன்பெல்லாம் மகள் பேசி முடித்து, "இந்தாங்க, அப்பா" என்று போனைக் கொடுத்தால்தான் மாப்பிள்ளை இரண்டு வார்த்தை பேசுவார். போன வாரம் அவரே கூப்பிட்டார்.

"மாமா, கம்ப்ரஸர் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கு."

"சென்சார் பாட்டிலை விட்டு வெளிய வந்து, மேல கிடக்கான்னு பாருங்க."

படியில் இறங்கும் சத்தம், பூட்டைத் திறக்கும் சத்தம், கொஞ்ச நேரம் அமைதி. காற்று மாறட்டும் என்று காத்திருக்கிறார் என்று புரிந்தது.

"ஆமா மாமா. வெளியதான் கிடக்கு."