திரித்துவ ஞாயிற்று விண்ணப்பம்

22 மே 2018, செவ்வாய்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டு ஜெபம். முகூர்த்தச் சேலை முடிக்க வேண்டுமென்று மகன் தறியை விட்டு எழவில்லை. பாதி ஜெபத்தில் அந்த வீட்டு அக்காவின் போன் அடித்தது. தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு. அவர் மகள் வாழ்க்கைப்பட்ட ஊர். ஸ்டெர்லைட் தாமிர ஆலை எதிர்ப்பின் 100-ஆம் நாள்; கலெக்டர் அலுவலகத்துக்குப் போன கூட்டத்தின் மேல் போலீஸார் சுட்டிருக்கிறார்கள். மகள் பத்திரம் என்று தெரியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். "ஜெபம் பண்ணுங்க ஐயா" என்றார்கள். வாய் எழவில்லை.

24 மே, வியாழன்

இறந்தவர்கள் 13 பேர். தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையம் இல்லை. குடும்பங்கள் உடல்களை வாங்க மறுக்கின்றன. அங்கே ஊழியம் செய்யும் நண்பரிடம் போனில் பேசினேன். அடக்க ஆராதனைக்கு நமக்குப் புத்தகம் இருக்கிறது. உடலையே வாங்க மாட்டோம் என்கிற வீட்டுக்கு எந்தப் பக்கத்தைத் திறப்பது? தேவசித்தம் என்று சொன்னால் அடிப்பார்கள். அடிக்கத்தான் வேண்டும். சும்மா போய்த் திண்ணையில் இருக்கிறேன் என்றார் நண்பர். அதுவே சரி.

25 மே, வெள்ளி

எதிர்க்கட்சிகளின் பந்த். சபைக் கமிட்டியில் பேச்சு. ஞாயிறு விண்ணப்பத்தில் "தூத்துக்குடி மக்களுக்காக" என்று பொதுவாகச் சொன்னால் போதும், அரசியல் வேண்டாம் என்றார் ஒரு பெரியவர். ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கும் பெண் கேட்டாள்: "2011-ல பரமக்குடியில போலீஸ் சுட்டாங்களே, அப்ப பொதுவாவாவது ஜெபிச்சோமா?" நான் இந்தச் சபைக்கு வருமுன் நடந்தது. பழைய ஆராதனைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அதற்கடுத்த ஞாயிற்றில் அறுப்பின் பண்டிகை ஏற்பாடு மட்டும் எழுதியிருக்கிறது.

27 மே, ஞாயிறு

94-ஆம் சங்கீதம் வாசித்தேன்; கேள்வி கேட்கிற சங்கீதம். பிறகு 13 பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். அவர்களில் பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த ஒரு பெண்ணும் உண்டு. யாரும் எழுந்து போகவில்லை. பெரியவர் மட்டும் என்னிடம் கைகொடுக்காமல் போனார்.

எல்லாரும் போனபின் போலீஸில் இருக்கும் தம்பி வந்தார். வேன் மேல் ஏறிக் குறிபார்த்த மஞ்சள் பனியன் போலீஸ்காரரின் வீடியோவை அவரும் பார்த்திருக்கிறார். "நாளைக்கு எனக்கு உத்தரவு வந்தா என்ன பண்ணணும் ஐயா?" எட்டு மாதக் குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. சுடாதே என்று சொல்வது எனக்கு எளிது. சம்பளம் போவது அவருக்கு. ஆனாலும் அதைத்தான் சொன்னேன். தலையாட்டினார், ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

29 மே, செவ்வாய்

ஆலையை மூட நேற்று அரசாணை. இங்கே ஊர் கோயில் கருட சேவைப் பேச்சில் இருக்கிறது. சுட உத்தரவிட்டது துணை வட்டாட்சியர்கள் என்று எஃப்.ஐ.ஆரில் இருக்கிறதாம். மாவட்டமே எரியும்போது துணை வட்டாட்சியர் தானாக முடிவெடுத்தாராம்! இதை எந்தச் சபையில் சொன்னால் நம்புவார்கள்?

பெரியவர் வந்தார். ஆலையை மூடியாயிற்றே, வரும் ஞாயிறு பெயர்கள் வேண்டாமே என்றார். எல்லா உடல்களும் இன்னும் அடக்கமாகவில்லை, வாசிப்பேன் என்றேன். செங்கல்பட்டிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸில் நாளை இரவு தூத்துக்குடிக்குக் கிளம்புகிறேன். பிள்ளையார்பாளையத்து அக்காவும் வருகிறார். மகளுக்கு முறுக்கு சுட்டு வைத்திருக்கிறார்.