குழந்தைக்குக் காப்பு போட்டோம், ஆயாம்மாவுக்கு?

பதிவு கொஞ்சம் நீளம்தான். உங்களில் பலர் கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். முழுதாகப் படியுங்கள்.

கோவையில் இருக்கும் என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது உங்களுக்குத் தெரியும். 26 வார மகப்பேறு விடுப்பு முடிந்ததும் அவள் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அமுச்சி கூட இருக்கிறாள் என்று பெயர்தான். இந்த முட்டி வலியோடு தவழும் பிள்ளைக்குப் பின்னால் என்னால் ஓட முடியாது. அதனால் ஓர் ஆயாம்மாவை ஏற்பாடு செய்தோம். 52 வயது. காலை எட்டரைக்கு வந்தால் மாலை ஆறு மணிக்குப் போவார். கைசுத்தம், வாய் அதிர்ந்து பேசாதவர்.

குழந்தைக்குப் பதினாறாம் நாளே வசம்புக் காப்பு போட்டுவிட்டோம். மருத்துவக் காப்பீடும் தயார். மகளுடைய கம்பெனி பாலிசியில் குழந்தையின் பெயரைச் சேர்த்தாகிவிட்டது. "எல்லாம் கவர் ஆயிடுச்சுங்க அத்தை" என்றார் மாப்பிள்ளை. நானும் நிம்மதியாக இருந்தேன்.

ஐப்பசி மழை நாள் ஒன்றில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த ஆயாம்மா, வாசல் ஈரத்தில் வழுக்கி விழுந்தார். விழும்போது குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இடது கையைத் தரையில் ஊன்றிவிட்டார். குழந்தைக்குப் புருவத்துக்கு மேல் சின்னக் காயம். அவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. கை கோணிக்கொண்டு தொங்குகிறது. அந்த நிலையிலும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லீங்களே டீச்சர்?"

பக்கத்துத் தனியார் மருத்துவமனைக்கு ஓடினோம். குழந்தைக்கு இரண்டு தையல் போட்டார்கள். கம்பெனி கார்டை நீட்டினால், "அட்மிட் ஆகலைங்களே, இதுக்கு வராது" என்றார்கள். பெரும்பாலான பாலிசிகள் 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருந்தால்தான் பணம் தரும். புறநோயாளிச் செலவு வேண்டுமென்றால் அதற்குத் தனியாகப் பிரிவு இருக்க வேண்டும். எங்கள் பாலிசியில் அது இல்லை. சரி, சின்னத் தொகை, கட்டிவிட்டோம்.

அடுத்து ஆயாம்மா. பிளேட் வைக்க வேண்டும், 80,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்றார்கள். "இவங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்குங்களா?" என்று அந்தப் பெண் கேட்டதும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மகளின் கம்பெனி கார்டு அவள் குடும்பத்துக்கு மட்டும். என் ஓய்வூதியர் காப்பீட்டு அட்டை எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும். அதில் பேத்திக்கே இடமில்லை. ஆயாம்மாவிடம் ரேஷன் கார்டு இருந்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லை. எடுக்கச் சொல்லி யாரும் சொன்னதில்லையாம். ஐந்து மாதமாக என் கண்ணெதிரில் இருந்தவர். நானும்தான் கேட்டதில்லை.

அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. செலவு இல்லை. ஆனால் இரண்டு மாதத்துக்கு மேல் அந்தக் கையால் வேலை செய்யக் கூடாது என்றார்கள்.

அன்று இரவு வீட்டில் ஒரு பேச்சு வந்தது. "புது ஆளுக்கும் சம்பளம், இவங்களுக்கும் சம்பளம்னா எப்படிங்க அத்தை?" என்றார் மாப்பிள்ளை. அவர் கெட்டவர் இல்லை. வீட்டுக் கடன் தவணை கட்டுகிறவர். உண்மையைச் சொன்னால், எனக்கும் ஒரு நிமிடம் அதே எண்ணம் வந்தது. பிறகு நான் கால் முறிந்து கிடந்த வருடம் ஞாபகம் வந்தது. மருத்துவ விடுப்பு எடுத்தேன், மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. அதை யாரும் தர்மம் என்று சொல்லவில்லை, என் உரிமை என்றார்கள். அவர் விழுந்தது எங்கள் வீட்டு வாசலில், எங்கள் குழந்தையைக் காப்பாற்றிக்கொண்டு. சம்பளத்தைப் பாதி அவர்கள், பாதி என் பென்ஷனிலிருந்து என்று முடிவு செய்தோம்.

அதன்பின் நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

1. குழந்தையின் பெயர் பாலிசியில் தானாக ஏறிவிட்டது என்று நினைக்காதீர்கள். கெடு நாட்களுக்குள் சொல்லாமல் விட்டால் அடுத்த புதுப்பித்தல் வரை காத்திருக்க நேரலாம். சேர்த்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்குங்கள். தனியாகப் புதுப் பாலிசி எடுத்தால் பொதுவாக முதல் 30 நாள் நோய்களுக்குப் பணம் வராது, விபத்துக்கு மட்டும் வரும்.

2. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் வேண்டும். நீங்களே ஒரு நாள் கூட அழைத்துப் போய் எடுத்துக் கொடுங்கள்.

3. வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரையிலானவர்களுக்குப் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம். வருடத்துக்கு 20 ரூபாய்தான். விபத்தில் இறந்தால் 2 லட்சம். ஒரு கையோ காலோ நிரந்தரமாகப் போனால் 1 லட்சம். ஆனால் கவனியுங்கள், எலும்பு முறிவுக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ இதில் ஒரு பைசா வராது. ஜூன் 1 முதல் மே 31 வரை கணக்கு. பணம் எடுக்கும் நேரத்தில் கணக்கில் இருப்பு இல்லையென்றால் காப்பீடும் இல்லை.

4. 436 ரூபாய் ஜீவன் ஜோதி திட்டம் ஆயுள் காப்பீடு. 50 வயதுக்குள் சேர வேண்டும். எங்கள் ஆயாம்மாவுக்கு அந்த வயது தாண்டிவிட்டது. உங்கள் வீட்டில் வேலை செய்பவருக்குத் தாண்டியிருக்காது, உடனே பாருங்கள்.

5. ஆஸ்பத்திரிச் செலவும், வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கு ஈட்டுத்தொகையும் சேர்ந்த தனிநபர் விபத்துக் காப்பீடு தனியாக உண்டு. அந்த இரண்டும் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்டு வாங்குங்கள். வீட்டுப் பணியாளர்களுக்கு நல வாரியமும் இருக்கிறது. பதிவு செய்யச் சொல்லுங்கள்.

6. குழந்தையைக் காப்பகத்தில் விடுகிறவர்கள், அங்கே குழந்தைக்கு அடிபட்டால் யாருடைய காப்பீடு பணம் தரும் என்று சேர்க்கும் அன்றே கேளுங்கள். "இருக்கிறது" என்று சொன்னால் நகலைக் காட்டச் சொல்லுங்கள்.

பத்து வாரம் கழித்து ஆயாம்மா திரும்பி வந்தார். குழந்தை தத்தித் தத்தி வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டது. இப்போது அவர் பர்ஸில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. விபத்துக் காப்பீடும் எடுத்துவிட்டோம், பிரீமியம் எங்களுடையது. வாசலில் வழுக்காத மிதியடியும் போட்டாயிற்று. அதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

இன்சூரன்ஸ் துறையில் இருக்கும் என் மாணவர்கள், இதில் தவறு இருந்தால் கீழே திருத்துங்கள். டீச்சருக்கும் மார்க் குறைக்கலாம்.

மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம்: உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவரிடம் இன்றே கேளுங்கள், "உங்களுக்கு என்ன இன்சூரன்ஸ் இருக்கு?" என்று. பதிலை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்