தெரியாது என்னும் சொல்

நம் வீடுகளில் பிள்ளை தொழாமல் இருந்தால் கண்டிக்கிறோம். நோன்பை விட்டால் வருந்துகிறோம். இவ்விரண்டுக்கும் நமக்குப் பழகிய சொற்கள் உண்டு. ஆனால், "எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை" என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் வீடே வாயடைத்துப் போகிறது. சோம்பலைப் பொறுத்துக்கொள்ளும் நாம் ஐயத்தைப் பொறுத்துக்கொள்வதில்லை. அந்த ஐயத்தோடு பல்லாண்டு வாழ்ந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

என் ஊர் உத்தமபாளையம். 1956-இல் தொடங்கப்பெற்ற ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியில் படித்தேன். அந்நாளிலேயே, மார்க்கத்தை மிகக் கண்டிப்பாகக் கைக்கொண்ட ஒரு வட்டத்தில் சேர்ந்தேன். அவ்வாண்டுகளை நான் பழிக்கவில்லை. வைகறையில் எழவும், மூல நூல்களைத் தேடிப் படிக்கவும், கொடுத்த வாக்கைக் காக்கவும் அங்கேதான் கற்றேன். ஆனால் அங்கே விடையில்லாத வினா என்று ஒன்று இருக்கவில்லை. நேர்வழியினர் யார், வழிதவறியோர் யார் என்பது உட்பட எல்லாவற்றுக்கும் விடை ஆயத்தமாக இருந்தது.

என் அத்தா எழுத்துக் கூட்டிப் படிப்பவர்; வயலே அவர் உலகம். ஐவேளையும் தொழுவார். ஆண்டுக்கு ஒருமுறை மதுரைக்குச் சென்று கோரிப்பாளையம் தர்காவில் ஃபாத்திஹா ஓதித் திரும்புவார். அவர் மௌத்தாகிய மூன்றாம் நாள், வட்டத்தின் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். கபுறுகளை நாடியவருக்காகப் பிழைபொறுக்க வேண்டி துஆச் செய்யலாகாது என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, ஐயமும் இல்லை. "இறைவன் அவரை என்ன செய்வான் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அதன்பின் அங்கே நான் செல்லவில்லை.

வட்டத்தை விட்டதோடு அது முடிந்துவிடவில்லை. அவருக்குத் தெரியாதென்றால், எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? இந்த வினா ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் தொட்டது. ஸஃப்பில் நிற்பேன், நா ஓதும், நெஞ்சு கேட்டுக்கொண்டே இருக்கும். மறுமையைப் பற்றிய அச்சம் ஒருபுறம். ஜமாஅத்தார் அறிந்தால் தங்கையின் திருமணம் என்னாகும் என்ற அச்சம் மறுபுறம். உள்ளபடி சொன்னால் இரண்டாவது அச்சமே பெரிதாக இருந்தது.

அந்நாளில் எனக்குத் துணையாக வந்தவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). 1091-இல் பக்தாத் நிஜாமிய்யாவின் தலைமை ஆசிரியப் பதவியை ஏற்றவர். அவர் பெயரை மதிப்போடு சொல்லும் நம்மில் பலர், அவர் பட்ட பாட்டை அறிவதில்லை. ஏறத்தாழ இரண்டு மாதம் எதையுமே உறுதியாக நம்ப முடியாமல் இருந்ததாக அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். காசளவாகத் தெரியும் விண்மீன் உண்மையில் பூமியினும் பெரிதென்றால், கண்ணை எப்படி நம்புவது என்று கேட்டார். கண் பிழைபட்டால் அறிவும் பிழைபடலாம் அல்லவா என்றும் கேட்டார். பின்னர் 1095-இல் வேறொரு நெருக்கடி வந்தது. பாடம் சொல்ல நா எழவில்லை. பதவியையும் புகழையும் விட்டு டமாஸ்கஸுக்குப் புறப்பட்டார். அவரை நாம் 'ஹுஜ்ஜத்துல் இஸ்லாம்' என்கிறோம். நம் வீட்டுப் பிள்ளை அதே வினாவைக் கேட்டால் மட்டும் வழிகெட்டவன் என்கிறோம்.

நம் மார்க்கச் சட்டமோ தெரியாமைக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கே மலைத்தொடர் சுவராக நிற்கிறது. கதிரவன் மலைக்குப் பின் மறைந்த பிறகும் மஃரிபுக்கு நேரமாவதில்லை. காணாத அடிவானத்துக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருக்கிறோம். 29-ஆம் நாள் மாலையில் தாழ நிற்கும் தலைப்பிறையும் பல வேளைகளில் மலைக்கு அப்பால்தான். சென்னையிலிருந்து தலைமைக் காஜியின் அறிவிப்பு வரும்வரை, நாளை பெருநாளா, நோன்பா என்று எந்த வீட்டிலும் தெரியாது. பிறை மறைந்தால் 30-ஆக நிறைவு செய் என்பதே நமக்குக் காட்டப்பட்ட வழி. காணாததைக் கண்டதாகச் சொல்லும்படி எவரும் நம்மைப் பணிக்கவில்லை.

கிப்லா தெரியாத இடத்தில், கேட்க ஆளும் இல்லையென்றால் என்ன செய்வது? இயன்றவரை ஆராய்ந்து, மனம் சாய்ந்த திசையில் தொழ வேண்டும். பின்னர் அத்திசை தவறென்று தெரிந்தாலும் தொழுகை கூடிவிடும் என்பது நம் ஹனஃபி மத்ஹபின் சட்டம். ஆராயாமல் தொழுவதைத்தான் அது ஏற்பதில்லை. இமாம் மாலிக் (ரஹ்) தம்மிடம் கேட்கப்பட்ட பல வினாக்களுக்குத் 'தெரியாது' என்றே விடை பகர்ந்ததாகச் சொல்வார்கள். ஃபத்வா எழுதும் ஆலிம்கள் இன்றும் இறுதியில் 'வல்லாஹு அஃலம்', அல்லாஹ்வே நன்கறிந்தவன் என்று எழுதுகிறார்கள். பழக்கத்தால் நாம் அச்சொல்லின் பொருளை மறந்துவிட்டோம்.

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. கஸ்ஸாலி இமாம் ஐயத்தைக் கடந்து உறுதியை அடைந்தார். அதை இறைவன் தம் நெஞ்சில் பாய்ச்சிய ஒளி என்றார். எனக்கு அத்தகைய ஒளி வாய்க்கவில்லை. ஐயப்படுவோர் அனைவரும் ஒருநாள் திரும்பி வருவார்கள் என்று பெற்றோருக்கு நான் உறுதி கூற மாட்டேன். சிலர் வருவர், சிலர் வாரார், சிலர் என்னைப் போல் வாசலிலேயே வாழ்ந்துவிடுவர். இந்நிலை முன்பு என்னை அச்சுறுத்தியது; இன்று அச்சுறுத்தவில்லை. அத்தாவின் கபுறடியில் நின்று கையேந்துகிறேன். அது சென்று சேருமா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதற்காகக் கையை இறக்கிக்கொள்ளவும் இல்லை.

சென்ற ரமலானில் என் தங்கை மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். கடுமையான ஒரு மார்க்கக் குழுவில் இரண்டாண்டு இருந்து விலகியவன். "மாமா, நீங்க முழுசா நம்புறீங்களா?" என்று கேட்டான். "சிலவற்றை நம்புகிறேன், சிலவற்றில் தெரியாது" என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, இதைத் தன்னிடம் சொன்ன முதல் பெரியவர் நான்தான் என்றான்.

அவன் தாய் அழுதாள்; ஹஜ்ரத்தை அழைத்து ஓதிப் பார்க்கலாமா என்று கேட்டாள். நான் அவளுக்குச் சொன்னதையே எல்லா வீடுகளுக்கும் சொல்கிறேன். வாதாட வேண்டாம், வாக்குறுதியும் வாங்க வேண்டாம். நோன்பு திறக்கும் வேளையில் அவனுக்கும் ஒரு கிண்ணம் கஞ்சி வையுங்கள். நோன்பு வைத்தாயா என்று மட்டும் கேட்காதீர்கள்.